வசனம் இல்லாதவர் உட்காரலாம்

போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வசனங்களை மனப்பாடம் செய்வது, நம் விசுவாசத்தைப் பற்றி அறிவோடு வாதாட எப்படி உதவுகிறது என்று நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். "உங்கள உட்டா வேற யாருங்கக்கா இருக்காங்க" என்றார்கள். முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாவம், காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாமக்கல் சுற்றுவட்டாரத்துச் சபைகளில் 'வசன டீச்சர்' என்றால் நான்தான். என் அப்பா ஓமலூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியாராக இருந்தவர். எங்கள் வீட்டில் காலையில் பல் விளக்கியதும் ஒரு வசனம், அப்புறம்தான் காப்பி. அதிகாரமும் எண்ணும் சொல்லாமல் வசனத்தை மட்டும் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். "வெலாசம் இல்லாத கடுதாசி" என்பார். போட்டி என்று எந்த ஊரில் நடந்தாலும் என்னைக் கூட்டிப் போவார்கள். பரிசாக எவர்சில்வர் தட்டு, டம்ளர், டிபன் பாக்ஸ் என்று வந்து குவிந்ததில், எனக்குக் கல்யாணமாகும் வரை எங்கள் வீட்டில் பாத்திரம் என்று எதையும் கடையில் வாங்கியதே இல்லை. வேதத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று சொல்வார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

கல்யாணமாகி நாமக்கல் வந்த பிறகு இங்கே உள்ள சபையில் சேர்ந்தோம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் கேள்விக் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் துண்டுச் சீட்டில் ஒரு கேள்வி எழுதி, பெயர் போடாமல், காணிக்கைப் பைக்குள் போடலாம். போதகர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். பதில் சொல்கிறவர் எழுந்து நின்று வசன ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். மறுக்கிறவரும் அப்படியே. ஆதாரம் தீர்ந்துபோனவர் உட்கார்ந்துவிட வேண்டும். கடைசிவரை யார் நிற்கிறாரோ அவர் சொன்னதே பதில். 'எனக்கு என்ன தோணுதுன்னா' என்று யாராவது ஆரம்பித்தால் போதகர் சிரித்துக்கொண்டே, "வசனம் இல்லாதவங்க ஒக்காரலாமுங்க" என்பார். சபையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். பல வருஷம் அந்தக் கூட்டத்தில் கடைசியாக நின்றவள் நான்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடமும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது. விடுதியோடு கூடிய பெரிய பள்ளிக்கூடம். வேதியியல் எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிட ஒப்பிக்க வைத்தேன் என்பதே சரி. விடைக்குறிப்பில் உள்ளதை வரி பிசகாமல், காற்புள்ளி முதல்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டும். நன்றாகத்தான் மார்க் வாங்குவார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுவிட்டால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்ப்பார்கள். 'படிச்சதைக் கேட்டால் எழுதுவேன் மிஸ், கேக்காததுக்கு நான் என்ன பண்றது' என்று ஒரு பெண் சண்டைக்கே வந்தாள். அவளைத் திட்டி அனுப்பினேன். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

என் கணவர் எருமப்பட்டிக்காரர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். குடும்பம் வெங்காயமும் கடலையும் போடுகிற விவசாயக் குடும்பம். வீட்டில் குலதெய்வம், கிடாவெட்டு எல்லாம் உண்டு. எங்கள் பழைய சபைக்கு ஜன்னல் கம்பி போட வந்த இடத்தில் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன், அது பெரிய கதை. என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தார். தொட்டியில் முழுகி எழுந்தவரிடம் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "தண்ணி சில்லுன்னு இருந்துச்சுங்க" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

ஆனால் கேள்வி கேட்பார். அதில் ஆள் கில்லாடி. முகமூடியைத் தூக்கி வைத்துவிட்டு, பற்ற வைத்த இடம் பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பாரே, அப்படித் தட்டித் தட்டிக் கேட்பார். "ஏதேன் தோட்டத்துல அந்த ஒரு மரத்த மட்டும் நடாம உட்டிருந்தா இத்தன வம்பு இல்லையே புள்ள. வெள்ளாமக்காரன் எவனாச்சும் வேண்டாத மரத்த நட்டு வெப்பானா?" நான் உடனே எண்ணோடு ஒரு வசனம் சொல்வேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது பதிலா, வசனமா?" என்பார். எனக்குச் சுள்ளென்று வரும். "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்பேன். "சரிங்க டீச்சரம்மா, எங்கிட்ட வசனம் இல்ல, நான் ஒக்காந்துக்கறேன்" என்று தரையில் உட்கார்ந்து சோற்றுத் தட்டை இழுத்துக்கொள்வார். அப்படித்தான் எங்கள் வீட்டில் வாதங்கள் முடிந்தன. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன்.

அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதில் மேலே போக முடியாது. மகன் வேறு மதத்துக்குப் போய்விட்டான் என்று அவர் அப்பா பேச்சை நிறுத்தியபோதும் அந்த அம்மா மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரு பை நிறைய சின்ன வெங்காயம், வறுத்த கடலை. எனக்கு நான்கு மாதத்தில் கரு கலைந்தபோது வந்தவர் நாற்பது நாள் இருந்தார். என் துணியெல்லாம் அவர்தான் துவைத்தார். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, "அழுவாத சாமி, ஒடம்பு தேறட்டும்" என்பார். என் சொந்த அம்மாகூட அத்தனை நாள் இருக்கவில்லை. தூங்கும் மகன் நெற்றியில் துன்னூறு பூசிவிட்டுப் படுப்பார். நான் விடியற்காலையில் எழுந்து ஈரத்துணியால் அதைத் துடைத்துவிடுவேன். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு மாசி மாதம், அத்தை கடலை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். நாங்கள் எருமப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். என் கணவர் அழுதுகொண்டே காலடியில் உட்கார்ந்துவிட்டார். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். நான் அவர் பக்கத்தில் போய், அது நமக்கு ஆகாது என்று சொல்லி, காதோடு ஒரு வசனம் சொன்னேன். எண்ணையும் சொன்னேன். எழவு வீட்டில், தாயின் பிணத்துக்கு முன்னால், எண் சொன்னேன். அவர் கையில் எடுத்த அரிசியை மறுபடி முறத்தில் போட்டுவிட்டார். அவருடைய அண்ணன் அதைப் பார்த்தார். சுடுகாட்டில் அண்ணன் மட்டும் தலை மழித்துக் கொள்ளி வைத்தார். என் கணவர் வேலி ஓரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாராம்.

அதற்கு நான்கு மாதம் கழித்து ஒரு கேள்விக் கூட்டம். போதகர் ஒரு சீட்டைப் பிரித்து வாசித்தார். நல்லவராக வாழ்ந்து, ஆனால் ஆண்டவரை அறியாமலே செத்துப்போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள்வி. நான் எழுந்தேன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் எழுந்தார். மனசாட்சிப்படி வாழ்ந்தவர்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்பது அவர் கட்சி. அவரிடம் இரண்டு வசனம் இருந்தது. என்னிடம் பதினொன்று. ஒவ்வொன்றாக அடுக்கினேன். அதிகாரம், எண், வசனம். குரல்கூட உயரவில்லை. அந்தப் பெரியவர், "இருந்தாலும்மா, ஒரு நாயமுன்னு ஒண்ணு இருக்குதே" என்றார். போதகர் சிரித்தபடி அவரை உட்காரச் சொன்னார். நான் கடைசி வசனத்தையும் சொல்லி, "ஆகவே அவர்கள் நித்திய இருளில் இருக்கிறார்கள், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை" என்று முடித்தேன். கை தட்டினார்கள். ஐயோ, அந்தக் கைதட்டல். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

திரும்பி வரும்போது மோகனூர் ரோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது. என் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் திரும்பாமலே சொன்னார்.

"அந்தச் சீட்டு நான் எழுதுனது."

"அத்தையப் பத்திக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே. தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தேன்.

"தெரிஞ்சிருந்தா? வேற வசனம் சொல்லியிருப்பியா?"

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றினேன், சாப்பிட்டார். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் வேதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சபைக்கு வருவார், பின்வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நிற்பார். அவர் விசுவாசத்தில் அடங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அப்பாவுக்கு ஃபோன் பண்ணி அப்படியே சொல்லவும் செய்தேன்.

இப்படி எட்டு வருஷம் போனது.

அவருக்கு வயிற்று வலி என்று ஆரம்பித்தது. பட்டறை டீயும் பரோட்டாவும்தான் காரணம் என்று நான் திட்டினேன். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கண் மஞ்சளானதும் சேலத்துக்குக் கூட்டிப் போனோம். ஈரலில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்தால் அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்க்கிறார். "என்னன்னு சொன்னாங்க?" என்றார். நான் குணமாவதைப் பற்றிய ஒரு வசனம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மனப்பாடம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நடுவில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தபோது, குணமாக்கும் ஊழியம் செய்கிறேன் என்று ஒருவர் காரில் வந்து இறங்கினார். தலையில் கை வைத்து அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்து, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம், எல்லாவற்றையும் தூக்கிச் சாக்கடையில் போடுங்கள் என்று சொல்லி, அதற்கு ஒரு வசனமும் சொன்னார். வலிக்குக் கொடுத்த மாத்திரை அது. அது இல்லாமல் அவரால் ஒரு மணி நேரம் படுத்திருக்க முடியாது. நான் அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் சேர்த்துச் சொன்னேன். சேர்த்துப் படித்தால் அதற்கும் மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னும் ஒன்று எடுத்தார். அதற்கும் அப்படியே. மூன்றாவதில் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. "சகோதரி, வசனம் தெரிஞ்சா மட்டும் போதாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அயோக்கியன் வாயிலிருந்தும் சில சமயம் சரியான வார்த்தை வந்துவிடுகிறது.

பாதி வசனத்தைக் காட்டி மிரட்டுகிறவனிடம் மீதியைச் சொல்வதற்கு மனப்பாடம் உதவும். எதிரே நிற்பவன் ஏமாற்றுக்காரன் என்றால் உதவும். அவனை விரட்டிய பெருமையோடு கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கணவர் வலியோடு சிரித்தார். "நல்லா மூக்க ஒடச்சுட்ட. அந்தாளுக்குச் சரி. எனக்கு?" என்றார். உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, தண்ணி குடு" என்றார்.

மறுபடி சேலத்தில் சேர்த்தோம். இந்தத் தடவை திரும்பி வர மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்காவது நாள் மத்தியானம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியே ஏற்காட்டு மலை வெயிலில் வெளிறித் தெரிந்தது. இளநீரை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தேன். போதும் என்று கையைத் தடுத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா புள்ள?"

"கேளுங்க."

"நான் போனா, அம்மா இருக்கற எடத்துக்குப் போவனா?"

எட்டு வருஷம் கழித்து அவர் என்னிடம் கேட்ட கேள்வி. அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்றேன். அவர் விடவில்லை. "நானு ஞானஸ்நானம் எடுத்தவன். அம்மா எடுக்கல. நீ சொன்னதுதான். அப்பிடீன்னா நான் ஒரு எடம், அவ ஒரு எடமா? எங்கம்மா இல்லாத எடத்துல நான் போயி என்ன பண்றது?"

நான் வாயைத் திறந்தேன். வந்தது ஒரு வசனம். ஆறுதல் வசனம்தான். துக்க வீடுகளில் எத்தனையோ பேருக்குச் சொன்னது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார். எண்ணைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"அது புஸ்தகத்துல இருக்குது. அது எனக்குத் தெரியும். நீ சொல்லு. வசனம் இல்லாம, நீயா ஒண்ணு சொல்லு."

நான் சொல்லவில்லை. பொய் சொல்லி ஒரு ஆத்துமாவை அனுப்பக்கூடாது என்று பயந்தேன் என்று பின்னால் பல பேரிடம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதி உண்மை இது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தேடினேன். அந்தக் கேள்விக்கு எதிரே வைக்க எனக்குச் சொந்தமாக ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருஷமும் வாதத்தில் நின்றது நான் என்று நினைத்திருந்தேன். நின்றது அந்த எண்கள். 'எனக்குத் தெரியலீங்க, ஆனா அத்தை இல்லாத எடத்துக்கு உங்கள அனுப்பறதுக்கு எனக்கும் மனசு இல்லீங்க' என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அதைச் சுலபமாக எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. தெரியாது என்கிறவர் உட்கார வேண்டிய கூட்டத்தில் வளர்ந்தவள் நான்.

இளநீர் டம்ளரை மூடி வைத்தேன். போர்வையைச் சரி செய்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணனுக்கு ஃபோன் போடு. வரச் சொல்லு" என்றார்.

அவருடைய அண்ணன் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். தோட்டத்திலிருந்து நேரே பஸ் ஏறியிருப்பார் போல, வேட்டியில் செம்மண். அம்மாவின் சாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வராத மனுஷன். என்னைப் பார்த்து, "நல்லாருக்கியா அம்மிணி" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். தம்பியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே மழையைப் பற்றிப் பேசினார், கிணற்றைப் பற்றிப் பேசினார், வெங்காயம் அழுகிப்போனதைப் பற்றிப் பேசினார். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

நடுவில் என் கணவர் கேட்டார். குரல் மிகவும் சன்னமாகியிருந்தது.

"ஏண்ணா, நான் அம்மாகிட்டப் போவனா?"

அண்ணன் கையை எடுக்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"அவகிட்டப் போகாம வேற எங்க சாமி போவ? அவ ஒனக்காவத்தான் காத்துட்டு இருப்பா. நீ எப்ப வாரேன்னு வழியப் பாத்துட்டு இருப்பா."

அவ்வளவுதான். எனக்கு முதலில் வந்தது கோபம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் என்று. எந்த ஆதாரத்தில் சொல்கிறார் என்று. நான் வெளியே மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மறுபடி திரும்பிப் பார்த்தபோது என் கணவர் கண்ணை மூடியிருந்தார். நிம்மதியாகத் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் நினைவு தப்பியது. இரண்டாம் நாள் காலை மூச்சு நின்றது.

நினைவு தப்புவதற்கு முன் அண்ணனிடம் ஒன்று சொல்லியிருந்தாராம், எருமப்பட்டிக்கே கொண்டுபோய்விடு என்று. நான் தடுக்கவில்லை. போதகர் ஃபோனில், சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது, யோசித்துச் செய்யுங்கள் என்றார். யோசித்துத்தான் செய்கிறேன் என்றேன். சபையிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள், வாசலோடு நின்றுவிட்டுப் போனார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது நான் போட்டேன். பாதி அரிசி கழுத்துப் பக்கம் கொட்டிவிட்டது. பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மாவை எரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே எரித்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள்.

அண்ணன் கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். வாசலில் வைத்திருந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டுக் களத்து மேட்டில் உட்கார்ந்தார். நான் போய் எதிரே நின்றேன். என்னால் பொறுக்க முடியவில்லை. துக்கத்தில் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், கோபத்தில்தான் கேட்டேன்.

"மாமா, அன்னைக்கி அத்தை காத்துட்டு இருப்பாங்கன்னு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு என்னம்மிணி தெரியும்? போனவங்க எங்க இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? அவங் கேட்டான், சொன்னேன்."

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆனா நாஞ் சொன்னத அவன் நம்புல அம்மிணி. எனக்குத்தான் எழுத்துக்கூட ஒழுங்காத் தெரியாதே. நான் சொல்லி முடிச்சதும் ஒம் மொகத்தத்தான் பாத்தான். அவ படிச்சவ, அவ ஒரு தலையாட்டுனா போதும்ங்கற மாதிரி. ரொம்ப நேரம் பாத்தான். நீ சன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்த. பொறவுதான் கண்ண மூடிக்கிட்டான். அப்ப என்ன அம்மிணி பாத்துட்டு இருந்த?"

அந்த ஜன்னலில் நின்று நான், இவர் தம்பிக்குச் சொன்னதற்கு மறுப்பு வசனம் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தும்விட்டது, அதிகாரத்தோடும் எண்ணோடும்.